திருகோணமலைத் துறைமுகக் கதை – 12: ஊர் திரும்ப இருபத்திரண்டு ஆண்டுகள்

கோணேசர் கோயிலை இடித்த கற்களால் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையோடு சென்ற பகுதி நின்றது. அந்தக் கோட்டையை 1639இல் ஒல்லாந்தரும் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் சேர்ந்து பிடித்தார்கள். பிறகு அது அரசன் கைக்குப் போய் இடிபட்டது. ஆகவே 1660ஆம் ஆண்டுத் திருகோணமலையை நினைத்துப் பார்ப்பவர்கள் இன்றைய கோட்டை மதிலையும் பீரங்கிகளையும் முதலில் மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஒல்லாந்தர் இங்கே திரும்பி வந்தது 1665இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தப் பெரிய துறைமுகம் ஐரோப்பியக் கொடி எதுவும் இல்லாமல் கிடந்தது.

மேற்குக் கரை முழுவதும் அப்போது ஒல்லாந்தர் வசம். கொழும்பு 1656இல் விழுந்தது. மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658இல். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்தவன் இராஜசிங்கன். வந்தவர்கள் கோட்டைகளைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களத்தில் இதற்கு ஒரு பழமொழி உண்டு. மலைநாட்டு அரசனுக்குக் கடலைத் தொட மிஞ்சியது கிழக்குக் கரைதான். அதிலும் மாவலி கங்கை கடலில் கலக்கிற கொட்டியாரக்குடா அவனுக்கு முக்கியமானது. 1620இல் டென்மார்க்கின் ஒவே ஜெட்டே இந்தக் கரைக்கு வந்து முயன்று பார்த்து, கடைசியில் தரங்கம்பாடியோடு திருப்திப்பட்டதை ஐந்தாம் பகுதியில் பார்த்தோம். அதே குடாவுக்குள், பாய்மரம் இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் வந்து நங்கூரம் போட்டதுதான் இந்தப் பகுதியின் கதை.

கதைக்குள் போகுமுன் இன்னொரு கடலோடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர் திரும்பும் கடற்பயணம் என்றதும் உலகம் நினைப்பது கிரேக்கத்து ஒடிசியஸை. ஹோமரின் ஒடிசி அவனைப் பற்றியது. திரோய் நகரை முற்றுகையிட்டது பத்து வருடம். போர் முடிந்து தன் தீவான இத்தாக்காவுக்குப் போய்ச் சேர இன்னொரு பத்து வருடம். கடல் தெய்வமான பொசைடனின் மகனைக் குருடாக்கியதால் வந்த பகை அவனை அலைக்கழித்தது. ஒற்றைக்கண் அரக்கன், காற்றைக் கட்டிவைத்த தோற்பை, பாடி மயக்கும் சைரன்கள், ஆறு தலைப் பூதம் என்று குழந்தைகளுக்குச் சொல்லப்படும் பகுதிகள் எல்லாம் இந்தப் பயணத்தில் வருபவை.

ஆனால் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் கதை வேறு மாதிரித் தெரிகிறது. அந்தப் பத்து வருடத்தில் ஏழு வருடம் அவன் கலிப்சோ என்ற தேவமகளின் தீவில் அடைபட்டிருந்தான். ஒரு வருடம் சூனியக்காரி கிர்க்கேயின் தீவில் கழிந்தது. எஞ்சிய காலத்துக்குள்தான் மற்ற அத்தனையும். கடற்பயணம் என்று பெயர்பெற்ற கதை, பெரும்பாலும் ஒரு மனிதன் தரையில் சிக்கிக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்த கதை. என்னோடேயே இரு, உனக்குச் சாவே இல்லாமல் செய்கிறேன் என்று கலிப்சோ சொல்கிறாள். அவனோ கரையில் போய் உட்கார்ந்து அழுகிறான். காவியத்தில் அரக்கனைவிட எனக்குப் பெரிதாகப்படுவது இந்த இடம்.

கொட்டியாரத்துக்கு வந்த கப்பலின் பெயர் ‘ஆன்’. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் இருந்தது. தலைவர் கப்டன் றொபேட் நொக்ஸ். அவருடைய மகன் பெயரும் றொபேட் நொக்ஸ்; 1641இல் லண்டனில் பிறந்தவன். 1658 ஜனவரி 21இல் இங்கிலாந்தின் டவுன்ஸ் நங்கூரத் துறையை விட்டுக் கப்பல் புறப்பட்டது. அக்கால ஆங்கிலேயருக்கு மார்ச் 25இல்தான் புத்தாண்டு பிறக்கும் என்பதால் மகன் எழுதிய நூலில் அது 1657 என்றே இருக்கும். சென்னை சென். ஜோர்ஜ் கோட்டைக்கு வந்து, ஒரு வருடம் துறைமுகம் துறைமுகமாக வியாபாரம் செய்துவிட்டுத் திரும்புவதுதான் ஒப்பந்தம். வியாபாரமும் முடிந்தது. மசூலிப்பட்டினத்தில் ஊருக்குக் கொண்டுபோகும் சரக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, 1659 நவம்பர் 19இல் புயல் அடித்தது. வங்கக் கடலின் கார்த்திகைப் புயல் எப்படியிருக்கும் என்று நம் கரையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பல கப்பல்கள் அழிந்தன. ‘ஆன்’ தப்புவதற்காக நடுப்பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினார்கள்.

பாய்மரம் இல்லாமல் இங்கிலாந்து போக முடியாது. புது மரம் நட அமைதியான குடாவும் நல்ல காடும் வேண்டும். கொட்டியாரத்துக்குப் போங்கள் என்று சென்னையிலிருந்த கம்பனிப் பிரதிநிதி தோமஸ் சேம்பர்ஸ் கட்டளையிட்டார். சும்மா போவானேன் என்று பறங்கிப்பேட்டை வணிகர்கள் சிலரையும் துணிச் சரக்கையும் ஏற்றி அனுப்பினார். மரம் தேறுகிற நேரத்துக்குள் துணியும் விற்றுவிடலாம் அல்லவா!

கொட்டியாரத்து மக்கள் அவர்களை நன்றாகவே நடத்தினார்கள். கரைக்குப் போவதும் வருவதுமாக நாட்கள் கழிந்தன. ஒரு பிழை மட்டும் நடந்துவிட்டது. அரசனுடைய துறைக்குள் வந்தவர்கள் அரசனுக்கு ஓலையும் அனுப்பவில்லை, காணிக்கையும் அனுப்பவில்லை. ஒல்லாந்தரிடம் ஏமாந்திருந்த அரசனுக்கு, அழையாமல் வந்து நிற்கிற இன்னொரு வெள்ளைக்காரக் கப்பல் எப்படித் தெரிந்திருக்கும்? நொக்ஸின் நூலைப் படிப்பவர்கள் இராஜசிங்கனைக் கொடுங்கோலன் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவன் கொடுமைகள் செய்யாதவன் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவன் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும்.

அரசன் திசாவை எனப்படும் மாகாண அதிகாரி ஒருவனைப் படையோடு அனுப்பினான். திசாவை கடற்கரைக்கு வரவில்லை. பன்னிரண்டு மைல் உள்ளே நின்றுகொண்டு, அரசனுடைய கடிதம் ஒன்று இருக்கிறது, அதைக் கப்டன் கையில்தான் கொடுக்கலாம் என்று ஆள் அனுப்பினான். கப்டன் பீரங்கி முழக்கி மரியாதை செய்தார். தான் போகாமல் மகனையும் ஜோன் லவ்லண்ட் என்ற கம்பனி வணிகரையும் அனுப்பினார். அவர்களைத் திசாவை அன்பாகப் பேசி இரவு தங்கவைத்தான். நாளை எல்லோருமாகக் கடற்கரைக்குப் போகலாம் என்றான். அதே நேரத்தில் அவனுடைய ஆட்கள் இன்னொரு வழியால் கரைக்குப் போய்விட்டார்கள். மகனும் திசாவையும் வருகிறார்கள் என்று நம்பிக் கரையிறங்கிய கப்டன் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தார். அங்கேயே அவரைச் சுற்றிவளைத்தார்கள். மரம் வெட்டப் போயிருந்த படகுக்காரரும் அகப்பட்டார்கள். அவர்கள் முரண்டுபிடித்ததால் கொடியால் கட்டி இழுத்துவரப்பட்டார்கள். 1660 ஏப்ரல் 4. பிடிபட்டவர்கள் மொத்தம் பதினாறு பேர்.

கொட்டியாரக்குடாக் கரையிலுள்ள மூதூரில் இந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் மரம் என்ற பெயர் நிலைத்தது. 1893இல் அங்கே ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். கல்லைப் படித்தால் மரத்தடியில் பிடிபட்ட கப்டனும் கண்டியில் பத்தொன்பது வருடம் சிறையிருந்தவனும் ஒரே ஆள் என்றே தோன்றும். அப்பன் பெயரே மகனுக்கும் இருந்ததால் வந்த வினை. மரத்தடியில் பிடிபட்டவர் அப்பா. நம் கதை மகனைப் பற்றியது. அவன் அந்த மரத்தடியில் பிடிபடவே இல்லை. அவன் பிடிபட்ட விதம் இன்னும் விசித்திரமானது.

ஆட்களைப் பிடித்த திசாவைக்குக் கப்பலும் வேண்டியிருந்தது. அதை ஆற்றுக்குள் கொண்டுவரும்படி உத்தரவிடுங்கள் என்று கப்டனை நெருக்கினான். என் மகனை அனுப்பினால்தான் கப்பலில் உள்ளவர்கள் கேட்பார்கள் என்று கப்டன் சொன்னார். மகனைத் தனியே அழைத்து அவர் சொன்னது வேறு: கப்பலைக் கொண்டுவராதே, யாரும் கரைக்கு வரவேண்டாம், காவலாயிருங்கள் என்று சொல். அதோடு நிறுத்தியிருந்தால் பையன் தப்பியிருப்பான். இந்த நிலையில் என்னைத் தனியே விட்டுப் போகாதே, திரும்பி வா என்று கடைசித் தீர்ப்பு நாளின் மேல் ஆணை வைத்துக் கேட்டார். பையனும் சத்தியம் செய்துகொடுத்தான்.

அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. கப்பலில் ஏறிவிட்டான். சுற்றிலும் தன் ஆட்கள், பீரங்கிகள், திறந்த கடல். நாங்கள் கப்டன் சொல்லுக்கும் கட்டுப்பட மாட்டோம், எங்களை நாங்களே பாதுகாத்துக்கொள்வோம் என்று கப்பலாட்கள் சொல்வதாக ஒரு கடிதம் தயாரானது. கப்பல் வராததற்கு அப்பாவைக் குற்றம் சொல்ல இடமில்லாமல் செய்யும் யுக்தி அது. அந்தக் கடிதத்தோடு அவன் மறுபடி கரையிறங்கினான். தந்தையைத் தேடிப் போன ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸுக்குக்கூடத் திரும்பி வரக் கப்பல் காத்திருந்தது. நொக்ஸுக்கு அதுவும் இல்லை. சில நாட்கள் பார்த்துவிட்டு ‘ஆன்’ பாய் விரித்துப் போய்விட்டது. கப்டனைப் பறிகொடுத்த கப்பல் போய்ச் சேர, கப்டன் இங்கே நின்றுவிட்டார்.

அதன்பின் பத்தொன்பது வருடத்துக்கு இந்தக் கதையில் கடல் வராது.

கைதிகளை மலைநாட்டுக்குக் கொண்டுபோய்க் கிராமத்துக்கு ஒருவராகப் பிரித்துவிட்டார்கள். விலங்கு கிடையாது, சிறைக்கூடமும் கிடையாது. ஊரார் முறைவைத்துச் சோறு கொடுக்க வேண்டும். ஆள் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலைகளும் காடும் வழிகளில் முள்வேலிப் படலைகளும் போதிய காவலாக இருந்தன. அப்பாவையும் மகனையும் மட்டும் பிரிக்கவில்லை. 1660 செப்டெம்பரில் சத்கோறளையிலுள்ள பண்டார கொஸ்வத்தையில் அவர்களை வைத்தார்கள். பார்க்க அழகான ஊர், ஆனால் காய்ச்சல் ஊர். இருவரும் மலேரியாவில் படுத்தார்கள். திரும்பி வா என்று கேட்டு மகனையும் இதற்குள் இழுத்துவிட்டேனே என்ற நினைப்பு, காய்ச்சலைவிடக் கப்டனை அதிகம் தின்றது. 1661 பெப்ரவரி 9இல் அவர் இறந்தார்.

மகனுக்கும் கடுங்காய்ச்சல். கூட இருந்தது ஒரு கறுப்பினப் பணியாள் பையன் மட்டும். அடக்கம் செய்ய உதவி கேட்டபோது ஊரார் மாடு கட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப்போ, வேறு உதவி வேண்டுமானால் கூலி கொடு என்றார்கள். நொக்ஸ் கூலி கொடுத்து ஆள் பிடித்து அப்பாவைப் புதைத்தான். இந்த இடத்தை அவன் எழுதியிருப்பதில் அழுகையோ சாபமோ இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறான். நூல் முழுவதுமே அப்படித்தான். அதனாலேயே அவனை நம்பத் தோன்றுகிறது.

தனியே இருந்த காலத்தில் ஒருநாள், ஓர் ஊர்க் கிழவர் தன்னிடம் ஒரு புத்தகம் இருப்பதாகவும், உன் எசமானுக்கு அது வேண்டுமா என்றும் அந்தப் பணியாள் பையனிடம் கேட்டார். கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து போனபோது கிழவர் கையில் அகப்பட்டதாம். திறந்து பார்த்தால் ஆங்கில விவிலியம். காசு கேட்பாரே என்று ஆவலை மறைத்துக்கொண்டு, தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கினான். கண்டி இராச்சியத்தின் நடுவில் ஆங்கில விவிலியத்தின் விலை ஒரு தொப்பி.

தொப்பி பின்னுவதுதான் கைதிகள் கண்ட முதல் தொழில். ஒடிசியஸ் வரும்வரை நெய்துகொண்டிருந்தவள் அவன் மனைவி பெனலோப்பி. இங்கே அலைகிறவனே உட்கார்ந்து பின்னினான். எல்லோரும் பின்னத் தொடங்கியதும் தொப்பி விலை விழுந்தது. சமைத்த சோறு வேண்டாம், அரிசியாகத் தாருங்கள் என்று ஊராரிடம் கேட்டு வாங்கி, மிச்சம்பிடித்து விற்றான். பன்றியும் கோழியும் வளர்த்தான். நெல்லைக் கடன் கொடுத்தான். ஒரு மூடைக்கு அறுவடையில் ஒன்றரை மூடை. ஊர் ஊராகச் சாமான் கட்டிச் சுமந்து விற்றான். கிராமம் மாற்றி மாற்றி, கடைசியில் உடுநுவரையில் எலதத்த என்ற ஊரில் லாரி என்ற வெள்ளி நாணயம் இருபத்தைந்து கொடுத்துக் காணி வாங்கி வீடு கட்டினான். அந்த ஊருக்கு அது பெரிய பணம்.

அரண்மனைச் சேவைக்கும் அவனை அழைத்தார்கள். பட்டுடை, பதவி, வேலையாட்கள் எல்லாம் கிடைத்திருக்கும். கலிப்சோ சாகாவரத்தைக் காட்டினாள் என்றால் இராஜசிங்கன் அரண்மனையைக் காட்டினான். அரண்மனைக்குப் போன வெள்ளையர்களில் பலர் அரசன் முகம் மாறிய ஒரு காலையில் தலையிழந்ததை நொக்ஸ் பார்த்திருந்தான். நயமாகப் பேசி விலகிக்கொண்டான். 1664இல் நிலம்பையில் அரசனுக்கு எதிராகக் கலகம் வெடித்து, அரசன் மலைக்கு ஓடி, சில நாட்களில் எல்லாம் அடங்கியபோதும் கைதிகள் மயிரிழையில் தப்பினார்கள்.

கைதிகளில் பலர் சிங்களப் பெண்களை மணந்து பிள்ளை குட்டியோடு வேரூன்றிவிட்டார்கள். எலதத்த வீடு மட்டும் கட்டைப்பிரமச்சாரிகளின் வீடாக நான்கு பேரோடு தொடங்கியது. அவர்களிலும் இருவர் பிறகு கலியாணம் செய்துகொண்டு போனார்கள். மிஞ்சியது நொக்ஸும் ஸ்டீபன் ரட்லண்டும். வேறொரு கைதியின் மகளான லூசியா என்ற சிறுமியை நொக்ஸ் தன் பிள்ளையாக வளர்த்தான். எலதத்தக் காணியை அவளுக்கே விட்டுவைத்தான். கலியாணம் செய்தவர்களை அவன் பழிக்கவில்லை. அவர்களுக்கு ஊர் திரும்புதல் என்ற சொல்லின் திசை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

தப்புவதற்கு நொக்ஸுக்குக் கிடைத்த வழி தலைச்சுமை வியாபாரம். மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று கட்டிக்கொண்டு இருவரும் வடக்குப் பக்கமாகவே போய்வந்தார்கள். அந்தப் பக்கத்தில் சனம் குறைவு, காவலும் குறைவு, ஒல்லாந்தர் கோட்டைகளும் கிட்ட. முகம் பழகட்டும் என்று வருடக்கணக்கில் போய்வந்தார்கள். இடையில் மழை பொய்த்த சில வருடங்கள் வழியை அடைத்தன. குடிக்கத் தண்ணீர் இல்லாத காட்டுக்குள் எப்படிப் போவது? தேங்கிய அழுக்குத் தண்ணீரைக் குடித்து வயிறு கெடும்போது, உள்ளூரார் சொன்னபடி கஞ்சா இலைத் தூளைக் கருப்பட்டியோடு காலையும் மாலையும் தின்றார்களாம். தலை சுற்றும், ஆனால் உயிர் தங்கும் என்பது நொக்ஸின் அனுபவம். ஒடிசியஸின் ஆட்கள் தாமரைப் பழம் தின்று ஊரை மறந்தார்கள். இவர்கள் கஞ்சா தின்றது ஊர் போய்ச் சேர. பிற்பாடு லண்டனில் இந்த இலையைப் பற்றி நொக்ஸ் சொன்னதை வைத்து, விஞ்ஞானி றொபேட் ஹூக் 1689இல் றோயல் சொசைட்டியில் ஓர் உரையே நிகழ்த்தினார்.

1679 செப்டெம்பர் 22இல் இருவரும் கடைசி முறையாகச் சுமை கட்டினார்கள். கையில் நீண்ட கம்பில் கட்டிய கோடரி, வெயிலுக்கும் மழைக்கும் தாளிப்பனை ஓலை. மான்தோல் வாங்கிக் காட்டு முள்ளுக்குச் செருப்பும் செய்துகொண்டார்கள். வழியில் ஓர் அதிகாரியின் ஊரைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒளிந்து போனால் சந்தேகம் வரும் என்று நேரே அவர் வீட்டுக்கே போனார்கள். மான் வற்றல் வாங்க வந்தோம் என்றார்கள். அதிகாரி நம்பினார். அந்த நேரம் பார்த்து, யாரும் தப்பிப் போகாமல் காவலை இறுக்கு என்ற அரச கட்டளையோடு படைவீரர்கள் அங்கே வந்துசேர்ந்தார்கள்! அது வேறு ஆட்களை மறிப்பதற்கான கட்டளை. இவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்து, மெல்லக் கிளம்பி அநுராதபுரம் போனார்கள்.

அநுராதபுரத்தைச் சுற்றிய சிற்றூர்க்காரர்கள் இவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். கண்டி அரசனின் குடிகள்தான். ஆனால் நொக்ஸ் பேசிய சிங்களம் அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பூர்வீகத்தில் மலபாரிகள் என்று நொக்ஸ் எழுதுகிறான். அக்கால ஐரோப்பியர் தமிழரை அப்படித்தான் எழுதினார்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் வரும்வரை இரு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பதினேழாம் நூற்றாண்டு வடமத்திய இலங்கையில் யார் என்ன மொழி பேசினார்கள் என்று வாதாடுபவர்கள், வியாபாரப் பொய் சொல்லித் தப்பி ஓடிக்கொண்டிருந்த ஒருவனின் இந்த வரிகளைப் படித்துப் பார்க்கலாம். அவனுக்கு யார் பக்கமும் வாதாடத் தேவை இருக்கவில்லை.

அங்கிருந்து நேர் வழியில் போனால் காவல். திரும்பிப் போவதுபோல் பாவனை காட்டி, இரவில் மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்தார்கள். நம் பக்கத்தில் அதுவே அருவியாறு. அதைப் பிடித்துப் போனால் எப்படியும் மேற்குக் கடல் வரும். பாதி வற்றிய ஆற்றில் முதலைகள் கிடந்தன. கரையில் யானைகள். இரவில் தீ மூட்டி அதன் பக்கத்தில் படுத்தார்கள். ஓரிடத்தில் ஆட்களின் குரல் கேட்டு ஒரு மரப்பொந்துக்குள் பதுங்கினார்கள். செதுக்கிய கற்றூண்கள் ஆற்றோரம் நெடுக நின்றதையும் குவிந்து கிடந்ததையும் பார்த்தார்கள். ஒரு காலத்துப் பெரிய நகரத்தின் மிச்சம் அது. கண்டி எல்லை கழிந்து வன்னி நாட்டுக்குள், கைலாய வன்னியனின் ஆட்சிக்குள் வந்தபின்னும் பயம் தீரவில்லை. அங்கே பிடிபட்டாலும் கண்டிக்குத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். மரத்தடியில் சோறு பொங்கிக்கொண்டிருந்த இரு பிராமணர்கள் எதிர்ப்பட்டார்கள். சைகையில் பேசி, கொஞ்சம் காசும் ஒரு சிவப்புத் தொப்பியும் ஒரு கத்தியும் கொடுத்து வழி கேட்டுக்கொண்டார்கள்.

1679 அக்டோபர் 18, சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணியளவில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். கொட்டியாரத்தில் கிழக்குக் கடலை விட்டவன் அரிப்பில் மேற்குக் கடலைப் பார்த்தான். இடையில் பத்தொன்பது வருடம், ஆறு மாதம், பதினான்கு நாள். வயது முப்பத்தெட்டு.

மீதிக் கடற்பயணம் சுருக்கமானது. அரிப்பிலிருந்து மன்னார், அங்கிருந்து ஒல்லாந்தரின் லோரன்ஸ் பைல் கொழும்புக்குத் தேசாதிபதியாகப் போகும்போது அவரோடு கொழும்பு. பதவி முடிந்து போகும் தேசாதிபதி இளைய வான் கூன்ஸின் கப்பலில் பத்தாவியா. அங்கே ஆளுநர் நாயகமாக இருந்தவர் அவருடைய அப்பா. வான் கூன்ஸ் குடும்பம் இவர்களிடம் கண்டி அரசனைப் பற்றி விடிய விடிய விசாரித்திருக்கும்; உள்ளே இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவனைப் போன்ற ஒற்றன் எங்கே கிடைப்பான்? பத்தாவியாவிலிருந்து பாண்டம் போய், அங்கே ‘சீசர்’ என்ற ஆங்கிலக் கப்பலில் ஏறி, 1680 செப்டெம்பரில் இங்கிலாந்து சேர்ந்தான். புறப்பட்டு இருபத்திரண்டு வருடம் எட்டு மாதம். ஒடிசியஸ் ஊரை விட்டிருந்தது இருபது வருடம்தான்.

கப்பலில் வரும்போதே நொக்ஸ் எழுதத் தொடங்கியிருந்தான். றொபேட் ஹூக்கின் முன்னுரையோடு 1681இல் அந்த இலங்கை வரலாறு லண்டனில் வெளிவந்தது. பத்து வருடம் கழிவதற்குள் ஜெர்மனிலும் அதையடுத்து ஒல்லாந்த, பிரெஞ்சு மொழிகளிலும் வந்துவிட்டது. ஒடிசியஸும் தன் அலைச்சலைத் தானேதான் சொல்கிறான். வேற்று அரசனின் விருந்தில், இரவு முழுக்க, கேட்பவர்கள் வாய் பிளக்கும்படி. நொக்ஸ் சொன்னதோ நெல் விலை, கலப்பை, வேலியில் போடும் முள், குற்றவாளிக்குத் தண்டனை, பலாக்காயில் எத்தனை கறி என்பவற்றை. கண்டி நாட்டுச் சாதாரணக் குடியானவனின் பதினேழாம் நூற்றாண்டு வாழ்க்கை நமக்குத் தெரிகிறதென்றால், அது பெரும்பாலும் இந்தக் கைதியால்தான். டானியல் டீபோவும் இதைப் படித்தவர். தனித்தீவு வாசியின் கதையான ‘றொபின்சன் குரூசோ’ 1719இல் வந்தது. அடுத்த வருடம் வந்த ‘கப்டன் சிங்கிள்டன்’ நாவலில் நொக்ஸின் தப்பியோட்டத்தைப் பெயர் சொல்லியே பல பக்கம் எடுத்தாண்டார். அந்த வருடம், 1720 ஜூன் 19இல், கலியாணம் செய்யாமலே நொக்ஸ் லண்டனில் இறந்தான்.

இடையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கதை அழகாக முடியும், வரலாறு அரைகுறையாகிவிடும். கம்பனி அவனுக்கு ‘டொங்கின் மேர்ச்சன்ட்’ என்ற கப்பலைக் கொடுத்துக் கப்டனாக்கியது. அந்தக் கப்பலில் அவன் செய்த வேலைகளில் ஒன்று, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கிச் சென். ஹெலனாத் தீவுக்குக் கொண்டுபோனது. தன் விருப்பமில்லாமல் ஒரு தீவில் இருபது வருடம் வைக்கப்பட்டவன், விருப்பமில்லாத மனிதர்களை இன்னொரு தீவுக்கு ஏற்றிச் சென்றான். அவன் கைப்பட எழுதிவைத்த சுயசரிதக் குறிப்புகள் 1911இல் நூலோடு சேர்த்து அச்சாகின. எலதத்தச் சுகங்களை, காட்டு வழியை, லூசியாவையெல்லாம் எண்ணி எண்ணி எழுதியவனுக்கு, இந்த இரண்டுக்கும் நடுவில் முரண் எதுவும் தெரிந்ததாக நான் காணவில்லை. ஹூக்கின் சிநேகிதன், பக்திமான், கணக்கில் நேர்மையானவன், அதே ஆள்தான்.

நொக்ஸ் எலதத்தவில் நெல் கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் கொட்டியாரக்குடா மறுபடி கப்பல்களைக் கண்டது. இம்முறை பாய்மரம் இழந்த ஒற்றைக் கப்பல் அல்ல. 1672இல் பிரெஞ்சுத் தளபதி டி லா ஹாயின் ஒரு முழுக் கப்பற்படை. இராஜசிங்கனும் அவர்களை வரவேற்றான். தளபதி அனுப்பிய தூதுவர் டி லா நெரோல், கண்டியின் மரியாதை எதையும் மதிக்காமல் குதிரைமேல் அரண்மனைப் பக்கம் போனதும், அவருக்கு என்ன நடந்தது, குடாவுக்குள் ஒல்லாந்தர் எப்படி வந்து பிரெஞ்சுக்காரரை அகற்றினார்கள் என்பதும் அடுத்த பகுதியில்.